எனக்கு வராத காய்ச்சல்

என் இடது கால் செருப்பு பரேலை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

தாதரைத் தாண்டி நின்றுபோன பம்பாய் லோக்கல் ரயிலின் வாசற்கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டவாளம் தெரியவில்லை. காப்பி நிறத்தில் தண்ணீர். அதன்மேல் ஒரு தேங்காய் மட்டை, ஒரு பால் கவர், என் கோலாப்பூரிச் செருப்பு.

இடுப்பளவு தண்ணீரில் இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தான். அவன் தலைமேல் கறுப்பு ரெக்ஸின் பை. பைக்குள் எங்கள் வகுப்பின் முப்பத்தெட்டுத் தேர்வுப் படிவங்கள். ஃபோர்ட்டில் இருக்கும் பல்கலைக்கழகக் கவுன்டரை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அன்றுதான் கடைசி நாள். தவறினால் முப்பத்தெட்டு பேரும் அக்டோபர் பரீட்சை எழுத முடியாது.

"எறங்குலே," என்றான் இசக்கி.

"எறங்கித்தானேடா செருப்பு போச்சு," என்றேன் நான்.

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்கள் இந்நேரம் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். போன வாரம் இதே மழையைத்தான் எழுதியிருந்தேன். அதில் தண்ணீரில் நின்றவன் நான். பை இருந்தது என் தலையில். இசக்கிமுத்து என்ற பெயரே வரவில்லை. "உடன் வந்த நண்பன் ரயிலிலேயே தங்கிவிட்டான்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. ரயிலிலேயே தங்கிவிட்ட அந்த நண்பன்தான் இதை இப்போது எழுதிக்கொண்டிருப்பது.

அந்த அத்தியாயத்துக்கு ஆசிரியர் படம் வேறு போட்டிருந்தார். ஓவியர் எனக்குக் கொடுத்திருந்த தோள்பட்டையைப் பார்த்து என் மனைவி வெகுநேரம் சிரித்தாள்.

"ஏன்னா, ஜூஹூ பீச்சுல கணுக்கால் நனையறதுக்கே என் கையைப் பிடிச்சுப்பேள். நீங்களா தண்டவாளத்துல நடந்தேள்?"

"அப்போ சின்ன வயசு," என்றேன்.

நம்புங்கள், அந்த நிமிஷம் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

வசந்தா கூப்பிட்டாள்

செம்பூர் வசந்தா எங்கள் வகுப்புத் தோழி. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பழைய வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு அவள்தான் அட்மின். பதினோரு பேர் இருக்கிறோம். காலையில் ஒருவர் ரோஜாப்பூ அனுப்புவார், மற்ற பத்துப் பேர் கை கூப்புவோம். மத்தியானத்துக்கு மேல் சர்க்கரை, முட்டிவலி, கண்புரை. மழை பெய்தால் மட்டும் கல்லூரிக் கதை வரும்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் அவள் ஃபோன் செய்தாள்.

"ரமணி, இசக்கி குரூப்பை விட்டுப் போயிட்டான்."

"ஏன், ஃபோன் மாத்திட்டானா?"

"அவன் ஃபோனை மாத்தலை. நீதான் ஆளையே மாத்திட்டே."

எனக்குப் புரியவில்லை. அதைச் சொன்னதும் வசந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய், நிஜமாவே ஞாபகம் இல்லையா? மறுநாள் கவுன்டர்ல குடுத்த ரசீதை எங்ககிட்ட காட்டினது யாரு? இசக்கி. கால் ரெண்டும் புண்ணு, டிங்ச்சர் போட்டுண்டு வந்திருந்தான். நீ கேன்டீன்ல வடா பாவ் தின்னுண்டிருந்தே. அதுவும் நான் வாங்கிக் குடுத்தது."

வடா பாவ் என்றதும் ஏதோ அசைந்தது. அதோடு சேர்ந்து வந்தது துரு வாசனை. ரயில் வாசற்கம்பியை ஐந்து மணி நேரம் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் ஏறிய துரு. சோப்பு போட்டும் மறுநாள்வரை போகவில்லை. பாவ் தின்னும்போது கூட மூக்கில் அடித்தது. தண்ணீரில் நடந்தவனுக்குக் கையில் ஏன் துரு வாசனை வரப்போகிறது?

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னும் கேளு," என்றாள் வசந்தா. "அவன் பேத்தி ரித்திகா இந்த வருஷம் நம்ம காலேஜ்லதான் சேர்ந்திருக்கா. முதல் நாள் எல்லாரும் தங்களைப் பத்திச் சொல்லணும்னு இருந்திருக்கு. இவ எங்க தாத்தா இதே காலேஜ், வெள்ளத்துல நடந்து போய் முப்பத்தெட்டு பேரோட ஃபாரத்தைக் கட்டினவர்னு பெருமையாச் சொல்லியிருக்கா. கூடப் படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா இந்தப் பத்திரிகை வாங்கறவ. இப்போ கிளாஸ்ல ரித்திகாவுக்குப் பேரு ‘ஃபேக்கு’."

கதை அளப்பவர்களுக்குப் பம்பாய் வைத்திருக்கும் பட்டம் அது.

"ரித்திகா நேரா வீட்டுக்கு வந்து, அச்சுல வேற ஆள்னு போட்டிருக்கே தாத்தான்னு கேட்டிருக்கா. அவன் உடனே ஃபோனைக் கையில எடுத்தானாம். குரூப்பை விட்டுட்டான். நான் கூப்பிட்டாலும் எடுக்கலை, அவன் பொண்டாட்டிதான் பேசினா. என்ன பண்ணப் போறே?"

கதை கைமாறிய விதம்

யோசித்துப் பார்த்தால் இந்தத் திருட்டை நான் ஒரே நாளில் செய்யவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், "என் சிநேகிதன் ஒருத்தன் இருந்தான்" என்று இந்தக் கதையை உண்மையாகத்தான் ஆரம்பித்தேன். யாரும் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யாரோ ஒருவனின் சிநேகிதன் எங்கே நடந்தால் அவர்களுக்கென்ன? அடுத்த மழைக்கு, நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம் என்றேன். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்கும் சில வருடம் கழித்து இசக்கி பரேலிலேயே கழன்றுகொண்டான். நான் மட்டும் ஃபோர்ட் போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று என் மேலதிகாரி மைக்கைப் பிடித்து, "வெள்ளத்தில் நடந்த நம் ரமணி" என்று பேசினார். நான் தலையைக் குனிந்து, அடக்கமாகச் சிரித்தேன். அந்த அடக்கத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. முட்டிவலிக்காகப் பார்க்கப் போன டாக்டரிடம், "காலேஜ் நாளில் ஒருமுறை வெள்ளத்தில் வெகுதூரம் நடந்தேன், அதிலிருந்துதான்" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் புண்ணியவான் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

மீசை விவகாரம்

இதுவரை சொன்னது வசந்தாவுக்கும் தெரிந்தது. இனி சொல்லப் போவது இசக்கி ஒருவனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

இரண்டாம் வருடம் நான் வகுப்புப் பிரதிநிதி. எதிர்த்து யாரும் நிற்காததால் ஜெயித்தேன். தேர்வுப் படிவங்களை எல்லாரிடமும் வாங்கி, கல்லூரி அலுவலகத்தில் சேர்ப்பது என் வேலை. படிவத்தில் ஃபோட்டோ ஒட்ட வேண்டும்.

அந்த நாட்களில் எனக்கு என் அழகில் பெரிய அக்கறை. அத்திம்பேர் புனேயிலிருந்து வாங்கிவந்த கோலாப்பூரி செருப்பைத் தினம் துணியால் துடைப்பேன். பட்டமளிப்பு விழாவுக்குக்கூட அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. மாட்டுங்கா மார்க்கெட் ஸ்டூடியோவில் எடுத்த படம் வந்தபோது பார்த்தால், முகம் முழுக்கப் பவுடர், மீசை இல்லை. இந்த முகம் ஹால்டிக்கெட்டில் ஏறி வசந்தா முதலானவர்கள் பார்ப்பார்களே என்று நினைத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னொரு படம் எடுங்கோ," என்றேன். "மீசை தெரியணும்."

"இருந்தாத்தானே தம்பி தெரியும்?" என்றார் ஸ்டூடியோக்காரர். பிறகு மனமிரங்கி, பென்சிலால் தொட்டுத் தருவதாகச் சொன்னார். நாலு நாள் ஆகும் என்றார்.

நாலு நாளும் முப்பத்தெட்டுப் படிவங்களும் எங்கள் வீட்டு அலமாரியில், என் பனியன்களுக்கு அடியில் இருந்தன. அதற்குள் அலுவலகத்தில் மற்ற வகுப்புகளின் கட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மீசையோடு போய் நின்றபோது கிளார்க் கட்டைத் தொடக்கூட இல்லை. கடைசி நாள் இன்றைக்குத்தான், நீயே கொண்டுபோய்க் கட்டு என்று சீல் மட்டும் குத்திக் கொடுத்தார். துணைக்கு இசக்கி வந்தான். மழைக்குப் பாதுகாப்பாகப் பட்டறையிலிருந்து ரெக்ஸின் பை கொண்டுவந்ததும் அவன்தான். அவன் அப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறை.

மாட்டுங்காவில் ரயில் ஏறியதும் பொறுக்க முடியாமல் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். பையைத் திறந்து என் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தான்.

"மீச நல்லாத்தாம்லே வந்துருக்கு," என்றான்.

தாதர் தாண்டி ரயில் நின்றது. நான் இறங்கினேன், செருப்பு போனது, ஏறிவிட்டேன். அவன் பைகுல்லா ஸ்டேஷன் வரை தண்டவாளத்திலும், அங்கிருந்து ஃபோர்ட் வரை ரோட்டிலும் நடந்து, கவுன்டரைச் சாத்தப் போகிற நேரத்தில் படிவங்களைக் கட்டினான்.

அடுத்த மாதம் அவன் அப்பா படுத்துவிட்டார். பட்டறையை அவன்தான் பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் முப்பத்தேழு பேர் பரீட்சை எழுதினோம். அவனுக்கும் ஹால்டிக்கெட் வந்தது. அவன் எழுதவில்லை, அதன் பிறகு கல்லூரிக்கும் வரவில்லை. கல்லூரி என்று அவனுக்கு மிஞ்சியது அந்த ஒரு நாள்தான். நான் அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஃபீவர் அங்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தா என்னைக் கையோடு தாராவிக்கு அழைத்துப் போனாள். கையோடு என்றால் நிஜமாகவே முழங்கையைப் பிடித்து. மாட்டுங்காவிலிருந்து டாக்சியில் பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத் தூரத்தை நான் கடைசியாகக் கடந்தது இசக்கி மகன் கல்யாணத்துக்கு.

கீழே பட்டறை, மேலே வீடு. இடையில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. வசந்தா ஏறிவிட்டாள். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றேன்.

"ஏறித்தான் தொலையேன்டா," என்றாள் மேலிருந்து. "அங்கேயும் அஞ்சு மணி நேரம் நிக்கப் போறியா?"

இசக்கி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பர்ஸின் ஓரத்தில் துருத்திய நூலை வெட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தான், மறுபடி நூலைப் பார்த்தான்.

"வாங்க சார். உக்காருங்க," என்றான்.

பதினெட்டு வயதிலிருந்து அவன் என்னை "வாலே" என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அந்த "சார்" நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. நான் உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து ரித்திகா வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. வசந்தா என்னை இன்னார் என்று சொன்னதும் அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அரே! ஃபீவர் அங்கிள் நீங்கதானா?"

"என்னது?"

"தாத்தா ஸ்டோரில வருவீங்களே. கூட ஒரு ஃபிரெண்ட் வந்தாங்க, ஆனா நூத்திமூணு டிகிரி ஃபீவர். தண்ணில எறங்கினா உயிருக்கே ஆபத்து. அதான் தாத்தாவே அவங்களை டிரெய்ன்ல உக்கார வச்சுட்டுத் தனியாப் போனாங்க. சின்னதுலேர்ந்து கேட்டிருக்கேன். அந்த ஃபீவர் அங்கிளா மேகஸின்ல தாத்தா நடந்ததை, தானே நடந்த மாதிரி எழுதினது?"

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை. நான் அவன் கதையிலிருந்து அவனை வெளியே தள்ளிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அவன் தன் கதையில் எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் வரவழைத்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இசக்கி நூல் வெட்டுவதை நிறுத்தவில்லை.

ரித்திகா அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதன் பின்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த பழைய காகிதம். இசக்கியின் ஹால்டிக்கெட். ஃபோட்டோவில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரிக்காத முகம்.

"இதைக் காட்டினேன் அங்கிள். ஹால்டிக்கெட் இருந்தா நடந்தாருன்னு என்ன புரூஃப்னு கேக்கறாங்க. நீங்க சொல்லுங்க. நான் ரெக்கார்ட் பண்ணி கிளாஸ் குரூப்ல போடறேன்."

ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நடந்தது இவளோட தாத்தா இசக்கிமுத்து," என்றேன். "நான் இல்லை. எனக்கு அன்னிக்குக் காய்ச்சலும் இல்லை. பயம். ஒரு காலை வெச்சேன், செருப்பு போச்சு, ஏறிட்டேன். அஞ்சு மணி நேரம் கம்பியைப் பிடிச்சுண்டு நின்னேன். அப்புறம் எத்தனையோ வருஷமா நான்தான் நடந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தேன். பத்திரிகையிலயும் எழுதிட்டேன். தப்பு."

ரித்திகா ஃபோனை இறக்கவில்லை.

"ஒரு டவுட் அங்கிள். முப்பத்தெட்டு ஃபார்மை லாஸ்ட் டே வரைக்கும் ஏன் கையில வச்சிருந்தாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து இசக்கியின் குரல் வந்தது.

"ஆபீஸ்ல பியூனு லீவு. அதான் லேட்டு. ஃபோன அணைச்சிட்டுப் போயி டீயக் கொண்டா."

என்மேல் அத்தனை கோபமாக இருக்கிற ஆள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், இன்னமும் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பியூன் லீவு இல்லை," என்றேன். "மீசை."

சொல்லி முடித்தேன். பவுடர், பென்சில், பனியன், ஒன்றையும் விடவில்லை. ரித்திகா சிரித்த சிரிப்பில் வீடியோ முழுக்க ஆடிப்போயிருக்கும். வசந்தா முதலில் சிரித்தாள், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடப்பாவி! முப்பத்தெட்டு பேருக்கு வருஷம் போயிருக்கும்டா, உன் மீசைக்காக! அதுவும் நான் பார்க்கணும்னா? நான் உன் ஹால்டிக்கெட்டைப் பார்த்ததே இல்லை!"

இசக்கி கத்திரியைக் கீழே வைத்தான்.

"ஏலே, கூறுகெட்டவனே, இதெல்லாம் இப்ப எதுக்குலே சொல்லுத? சின்னப் புள்ள முன்னால!"

"லே" வந்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரித்திகா டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்த பிறகும் அழுதேன். அறுபது தாண்டினவன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது பார்க்கச் சகிக்காது என்று வசந்தா கைக்குட்டையைத் தந்தாள்.

கிளம்பும்போது ரித்திகா ஏணி வரை வந்தாள்.

"வீடியோ ஓகே அங்கிள். ஆனா தாத்தாவுக்கு அது போதாது. அவங்க கார்ப்பரேஷன் ஸ்கூல்ல தமிழ் படிச்சவங்க, அச்சுல வந்தா அதான் நிஜம்னு நெனப்பாங்க. அச்சுல வந்தது அச்சுலதான் மாறணும்."

அனுப்பும் முன்

இதை எழுதி முடித்ததும் நேற்று இசக்கிக்கு ஃபோன் செய்து முழுவதும் படித்துக் காட்டினேன். பட்டறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மீசையையும் எழுதிட்டியா? மானங்கெட்டவனே," என்றான் கடைசியில். பிறகு, "ஒண்ணு தப்பா இருக்கு," என்றான்.

"என்னடா?"

"செருப்பு. எடது இல்ல. வலது."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குலே தெரியும்? பரேல் பக்கம் வேலிக் கம்பியில சிக்கிக் கெடந்துச்சு. தோலு தண்ணியில ஊறுனா எனக்கு மனசு கேக்காது. ஒரு கையால தலையில பையப் பிடிச்சுக்கிட்டேன், ஒரு கையில உன் செருப்பு. கவுன்டர்ல கிளார்க்கு கேட்டாரு, இதுக்கும் சேத்து ரசீது போடணுமான்னு. வாரு பிஞ்சிருந்துச்சு. அப்பா தச்சு, எண்ண போட்டுக் குடுத்தாரு. மறுநாள் உன் பெஞ்சுக்கு அடியில வச்சேன்."

அந்தச் செருப்பை ஜோடியாகப் போட்டுக்கொண்டு பட்டம் வாங்கப் போயிருக்கிறேன். மேலேகூட எழுதியிருக்கிறேன். மிதந்து போனது எப்படித் திரும்பி வந்தது என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை.

"இதை ஏன்டா யார்கிட்டயும் சொல்லலை? ரித்திகாகிட்ட கூட?"

"செருப்பச் சொன்னா நீ எறங்கிட்டு ஏறுனதையும் சொல்லணும்லா," என்றான். "பொறவு காய்ச்ச எங்கன நிக்கும்?"

முதல் வரியில் இடது கால் என்று எழுதியிருக்கிறேன். வலது கால் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.